மணக்கும் சோப்பு, விலை கூடிய பாடி வாஷ், மிஸ்ட்: கொடுத்த காசுக்குத் தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலுக்குள் சில கடைகள் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கில் பட்டுவிடும். உள்ளே போனால் வண்ண வண்ணமாய்ப் பாட்டில்கள், கையில் தடவிப் பார்க்கச் சொல்லும் பணிப்பெண், ஆயிரத்தைத் தொடும் விலைச்சீட்டு. அங்கே நின்றுகொண்டு யோசிப்பவர்களும், வாங்கி வந்து வீட்டில் திட்டு வாங்கியவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

வளவளவென்று வேண்டாம். வாங்கலாமா, கூடாதா?

கழுவிவிடப் போகிற பொருளில் வாசனைக்காக அதிகக் காசு கொடுக்காதீர்கள். உடம்பில் தங்கப் போகிற பொருளுக்குக் கொடுக்கலாம், அதுவும் உங்கள் தோல் ஒத்துக்கொண்டால். சோப்பு, பாடி வாஷ், ஸ்க்ரப், ஷாம்பு எல்லாம் முதல் வகை. லோஷன், பாடி பட்டர் (கெட்டியான லோஷன்), மிஸ்ட் (உடம்பில் அடித்துக்கொள்ளும் லேசான வாசனை நீர்), அத்தர், சென்ட் இரண்டாம் வகை.

‘குளிக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கு நிம்மதி, அதற்காகத்தான் வாங்குகிறேன்’ என்றால் அது வேறு கணக்கு. சினிமா டிக்கெட் போல அனுபவத்துக்குக் கொடுக்கும் காசு அது. அதில் தப்பே இல்லை. தோலுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு கொடுப்பதுதான் ஏமாற்றம்.

40 ரூபாய் சோப்புக்கும் 400 ரூபாய் சோப்புக்கும் உள்ளே என்ன வித்தியாசம்?

அழுக்கை எடுப்பதில் ஒன்றுமில்லை. எண்ணெயையோ கொழுப்பையோ காஸ்டிக் சோடாவோடு சேர்த்தால் சோப்பு. இரண்டும் அப்படிப் பிறந்தவைதான். பெரிய கம்பெனி சோப்பு எதை எடுத்தாலும் பொருள் பட்டியலில் முதலில் நிற்பது பெரும்பாலும் சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்ற இரண்டு பெயர்கள். பாமாயிலும் அந்தப் பழத்தின் கொட்டை எண்ணெயும் சோப்பாக மாறிய வடிவம் அது.

பெட்டியைத் திருப்பி இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, ‘டாய்லெட் சோப்’ என்று போட்டிருக்கிறதா, ‘பேத்திங் பார்’ என்று போட்டிருக்கிறதா. இரண்டாவது, டி.எஃப்.எம். என்ற எழுத்துக்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சதவீதம். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் டாய்லெட் சோப்பில் முதல் தரம். 70-க்கு மேல் இரண்டாம் தரம், 60-க்கு மேல் மூன்றாம் தரம். பேத்திங் பாருக்கு 40 சதவீதம் இருந்தாலே போதும். மீதி இடத்தை டால்க் போன்ற நிரப்பிகளும் வேறு சில பொருள்களும் பிடித்துக்கொள்ளும். டி.எஃப்.எம். குறைந்தால் பொதுவாகச் சோப்பு சீக்கிரம் கொழகொழத்துக் கரையும்.

வேடிக்கை என்னவென்றால், மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண விலைச் சோப்புகளிலேயே முதல் தரம் உண்டு. அழகான அட்டையில் ரிப்பன் கட்டி வரும் சிலவற்றில் பேத்திங் பார் என்று பொடி எழுத்தில் இருக்கும். விலையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. டவ் மாதிரியான கட்டிகளில் பெரும்பங்கு சோப்பே இல்லை, மென்மையான செயற்கை நுரைப்பொருள். அவற்றை டி.எஃப்.எம். கொண்டு அளக்கக் கூடாது. வழக்கமான சோப்பின் பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் எண்) 9 முதல் 10 வரை போகும், நம் தோலுடையது 5-ஐ ஒட்டியது. இந்தக் கட்டிகளில் அது அவ்வளவு ஏறாது. வறண்ட தோல்காரர்களுக்கு இந்த வகைக் கட்டி ஒத்துப்போவதற்குக் காரணம் அதுதான். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்படியானால் அந்த 400 ரூபாய் எங்கே போகிறது? வாசனைக்குத்தானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சோப்பில் வாசனைக் கலவை வழக்கமாக 1 சதவீதம், கொஞ்சம் கூடினால் ஒன்றரை. 100 கிராம் சோப்பில் 1 கிராம். அந்தக் கலவை கிலோ 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு சோப்புக்கு வாசனைச் செலவு 3 ரூபாய். தாராளமாக, கிலோ 10,000 ரூபாய்க் கலவையை 2 சதவீதம் போட்டார்கள் என்றே வையுங்கள். 20 ரூபாய். மீதிப் பணம் பாட்டிலுக்கும் பெட்டிக்கும் மால் வாடகைக்கும் விளம்பரத்துக்கும் இறக்குமதிச் செலவுக்கும் லாபத்துக்கும் போகிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜிவோடான், டி.எஸ்.எம்.-ஃபெர்மெனிக், ஐ.எஃப்.எஃப்., சிம்ரைஸ் என்று உலகத்துக்கே வாசனை செய்து கொடுக்கும் பெரிய நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பாரிஸ் சென்டுக்கும் அவர்கள்தான், துணி துவைக்கும் பவுடருக்கும் அவர்கள்தான். ஆகவே மலிவு விலைப் பொருளின் வாசனை அரைகுறையாகச் செய்தது என்று நினைக்க வேண்டாம். செலவு வரம்பு வேறு, செய்கிற கை ஒன்று.

வரியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கட்டியாக வரும் குளியல் சோப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. சென்டுக்கு 18 அப்படியே இருக்கிறது.

குளித்துவிட்டு வரும்போது கமகமவென்று இருக்கிறது. பஸ் ஸ்டாப் போவதற்குள் காணோம். ஏன்?

ஒரு குளியலுக்கு நீங்கள் கரைப்பது 3, 4 கிராம் சோப்பு. அதில் வாசனை 0.04 கிராம். அதிலும் பெரும்பகுதி நுரையோடு சாக்கடைக்குப் போய்விட்டது. தோலில் ஒட்டியிருக்கும் மிச்சத்தில் எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற லேசான வாசனைகள் முதலில் ஆவியாகும். ‘ஃப்ரெஷ்’ என்று நாம் மயங்குவது இவற்றில்தான், கடைக்காரர்கள் முன்னால் நிறுத்துவதும் இவற்றைத்தான். சந்தனம், கஸ்தூரி, வெனிலா மாதிரியான கனமானவை மெதுவாகப் போகும். குளியலறையில் அவ்வளவு மணக்கக் காரணம் வெந்நீர் ஆவியும் மூடிய கதவும்.

உங்கள் மூக்கையும் முழுதாக நம்பாதீர்கள். ஒரே வாசனையில் சில நிமிடம் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். உங்களுக்குக் காணாமல் போனது பக்கத்து சீட்டுக்காரருக்கு இன்னும் வந்துகொண்டிருக்கலாம். வாசனை போய்விட்டது என்று மேலும் நாலு தடவை அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறவர்களை எல்லோருக்கும் தெரியும்.

வாசனை நிற்க என்ன செய்வது? லோஷன், மிஸ்ட் எல்லாம் ஒரே வாசனையில் செட்டாக வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வறண்ட தோலில் வாசனை சீக்கிரம் பறக்கும், எண்ணெய்ப் பசையுள்ள தோலில் தங்கும். விஷயம் இவ்வளவுதான். குளித்துத் துவட்டிய ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத லோஷனையோ நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெயையோ தடவி, அதன் மேல் உங்களுக்குப் பிடித்ததை அடியுங்கள். செட் வாங்கினால் கிடைப்பதில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும்.

மிஸ்ட் வாங்குமுன் ஒரு கணக்கு. பாடி மிஸ்டில் வாசனை எண்ணெய் பொதுவாக 2 முதல் 5 சதவீதம். ஓ த பர்ஃபம் என்று விற்கும் சென்டில் 15 முதல் 20. 236 மில்லி மிஸ்டில் 3 சதவீதம் என்றால் 7 மில்லி வாசனை. 50 மில்லி சென்டில் 15 சதவீதம் என்றால் ஏழரை மில்லி. பெரிய பாட்டிலிலும் சின்னப் பாட்டிலிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே அளவு. மற்றது ஆல்கஹாலும் தண்ணீரும். சென்ட் இரண்டு மடங்கு விலை என்று மிஸ்டை எடுக்கிறவர்கள், மிஸ்டை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லேசாக மணந்தால் போதும், வெயிலுக்குக் குளுகுளுவென்று இருந்தால் போதும் என்பவர்களுக்கு மிஸ்ட் சரி.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் ஆல்கஹால் இருப்பதால் பூஜை விளக்குப் பக்கமாக நின்று அடிக்காதீர்கள். பட்டுப் புடவையில் நேராகப் பட்டால் கறை விழலாம். முத்து நகை மங்கிப்போகும். அடித்துக் காய்ந்த பிறகு நகையைப் போடுங்கள்.

‘இயற்கை மல்லிகை’, ‘அசல் ரோஜா’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

மல்லிகைக்கு நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கம் பூவிலிருந்து வாசனை எடுக்கும் ஆலைகள் உண்டு. சந்தையில் விலை விழும் நாளில் மிஞ்சும் பூ அங்கே போகும். மல்லிகையை ஆவியில் வடித்தால் மணம் கெட்டுவிடும். ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து முதலில் மெழுகு மாதிரி ஒன்றை எடுப்பார்கள். அதை ஆல்கஹாலில் கழுவினால் கடைசியில் கிடைப்பது அடர்ந்த பழுப்பு நிறத் திரவம். அது 1 கிலோ கிடைக்க ஏறக்குறைய 700 முதல் 1,000 கிலோ பூ வேண்டும். பூ கிலோ 300 ரூபாய் என்றால்கூடப் பூவுக்கு மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். முகூர்த்த நாளில் மதுரை மல்லி என்ன விலை விற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது 150 ரூபாய் மல்லிகைச் சோப்பை எடுத்து மறுபடி பாருங்கள். அதில் இருப்பது பென்சைல் அசிடேட், லினாலூல் போன்ற, மல்லிகைக்குள்ளும் இருக்கிற மூலக்கூறுகளைத் தொழிற்சாலையில் செய்து கலந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உலகத்தின் பெரிய சென்டுகள் எல்லாம் செயற்கையை நம்பித்தான் நிற்கின்றன. 1921-இல் வந்த ஷனெல் நம்பர் 5 என்ற பிரெஞ்சு சென்டின் பெயரே ஆல்டிஹைடு என்ற செயற்கை வாசனைப் பொருள்களால் நிலைத்தது. இயற்கை என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்குவதுதான் பிரச்சினை.

பிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பொருள் பட்டியலில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவு வரிசையில் வரும், அதற்குக் கீழே உள்ளவை எப்படி வேண்டுமானாலும் வரலாம். சோப்பில் வாசனையே 1 சதவீதம்தான் என்பதால், ‘ஃப்ராக்ரன்ஸ்’ அல்லது ‘பர்ஃபம்’ என்ற பெயருக்குப் பின்னால் வரும் கற்றாழை, குங்குமப்பூ, பாதாம், தேன் எல்லாம் பெரும்பாலும் துளியூண்டு. பெட்டியின் முன்பக்கத்தில் படமாக இருக்கும் பூ, பின்பக்கப் பட்டியலில் எத்தனாவது இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு விலையைப் பாருங்கள்.

அப்புறம் சந்தனம்? மைசூர் சாண்டல் சோப்பு அசல்தானா?

முதல் உலகப்போர் நேரத்தில் சந்தனக் கட்டையைக் கப்பலில் அனுப்ப முடியாமல் மைசூர் சமஸ்தானத்தில் தேங்கியது. அதை அங்கேயே எண்ணெயாக வடித்தால் என்ன என்று தொடங்கியதுதான் கதை. 1916-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலைக்கு வித்திட்டார்கள். அப்போது திவான் விஸ்வேஸ்வரய்யா. இன்றைக்கும் கர்நாடக அரசு நிறுவனம்தான். அசல் சந்தன எண்ணெய் சேர்ப்பதாகச் சொல்லி விற்கிறார்கள், 2006-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடுக்கும் விலைக்கு நியாயமான சோப்பு என்பது என் கட்சி. அதே நிறுவனம் 2012-இல் 150 கிராம் 720 ரூபாய்க்கு மில்லெனியம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதை வாங்கிக் கழுவிவிட எனக்கு மனசு வராது, பரிசாகக் கொடுக்கலாம்.

சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாயைத் தாண்டும் சரக்கு. கோயில் வாசலில் 10 மில்லி நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘சுத்த சந்தன அத்தர்’ என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மணம் பிடித்திருந்தால் வாங்குங்கள், சந்தனம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

விலை கூடினால் அலர்ஜி வராதுதானே?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அழகு சாதனங்களால் வரும் தோல் அலர்ஜிக்கு முதன்மையான காரணங்களில் வாசனைப் பொருள்கள் உண்டு. விலை கூடினால் பெரும்பாலும் வாசனை கூடுமே தவிரக் குறையாது. இயற்கை என்றாலும் தப்பிக்க முடியாது. எலுமிச்சைத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீனும் லாவெண்டரில் இருக்கும் லினாலூலும் காற்றுப் பட்டு மாறும்போது அலர்ஜி உண்டாக்கும் பொருள்கள் ஆகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 26 வாசனைப் பொருள்களின் பெயரைத் தனியாகப் போட வேண்டும் என்று 2005-இலிருந்தே விதி. 2023-இல் அந்தப் பட்டியலை எண்பதை ஒட்டி நீட்டினார்கள். லிலியால் என்ற பிரபலமான வாசனைப் பொருளை 2022 மார்ச்சிலிருந்து அங்கே தடையே செய்துவிட்டார்கள். ஆகவே ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டியில் பர்ஃபமுக்குப் பிறகு பெயர்கள் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம், அவர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். வெறும் ‘பர்ஃப்யூம்’ என்று மட்டும் போட்டதில் அதே பொருள்கள் இருக்கலாம்.

நம் நிறத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நமக்கு வாசனை அலர்ஜி எப்போதும் சிவந்து அரிக்கும் என்றில்லை. சில சமயம் சத்தமில்லாமல் கறுக்கும். கழுத்தில், காதுக்குப் பின்னால், முகத்தின் ஓரத்தில் சாம்பல் கலந்த கறுப்பாகப் படரும். அழுக்கு என்று நினைத்து அதே மணக்கும் ஸ்க்ரப்பால் தேய்ப்பார்கள், இன்னும் கறுக்கும். சென்ட் அடிக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு இருந்தால் சென்டை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டில் எந்தப் பொருள் ஆகவில்லை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வெயிலோடு சேர்ந்து வேலை செய்யும் வாசனைகளும் உண்டு. பெர்கமாட் என்ற எலுமிச்சை வகையின் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால், வழிந்த கோட்டிலேயே பழுப்புத் தழும்பு விழும்.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

லோஷன், மிஸ்ட் என்றால் முடியும். சின்ன அளவு வாங்கி, முழங்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை ஒரு வாரம் தடவுங்கள். இந்த அலர்ஜி உடனே தெரியாது, ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். கடையில் கையில் தடவி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘ஒத்துக்கொண்டது’ என்று முடிவு செய்வதில் அர்த்தமில்லை. சோப்பையும் பாடி வாஷையும் இப்படித் தடவி விடாதீர்கள். கழுவாமல் விட்டால் யாருக்கும் எரியும்.

‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’, ‘அன்சென்டட்’ இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. முதலாவது, வாசனைப் பொருளே சேர்க்காதது. இரண்டாவதில், மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம். எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) உள்ளவர்கள் முதலாவதைத் தேடுங்கள், பட்டியலையும் பாருங்கள்.

கைக்குழந்தைக்கு மணக்கும் சோப்பு, லோஷன் போடலாமா?

வேண்டாம். ‘பேபி’ என்று போட்டு இனிப்பாக மணந்தாலும் வேண்டாம்.

பாடி வாஷ் நல்லதா, சோப்பு நல்லதா?

உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பொறுத்தது. போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும் இடங்களில் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகித் தோலிலும் வாளியிலும் படியும். குளித்த பிறகும் பிசுபிசுப்பும் வறட்சியும் சேர்ந்தாற்போல இருப்பது அதனால்தான். பாடி வாஷில் இருப்பது வேறு நுரைப்பொருள் என்பதால் கடின நீரிலும் நுரைக்கும், கசடு படியாது. சென்னைப் புறநகர் அபார்ட்மென்ட்வாசிகளுக்கு இது உண்மையான பலன். ஆனால் அதற்கு 200 ரூபாய் பாட்டிலே போதும். ஆயிரம் ரூபாய் பாட்டிலிலும் நுரைப்பது பெரும்பாலும் அதே சோடியம் லாரெத் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள்தான்.

உள்ளங்கையில் ஊற்றினால் பாதி வழிந்து போகும். நாரில் ஒரு சின்ன ஸ்பூன் அளவு போதும்.

பாத் பாம்ப் வாங்கலாமா?

தொட்டி இருக்கிறதா? சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்த்து அழுத்திய உருண்டை அது. 1989-இல் இங்கிலாந்தில் மோ கான்ஸ்டன்டைன் கண்டுபிடித்தார், பிறகு அவர் பங்குதாரராக இருந்த லஷ் கம்பெனியால் உலகம் சுற்றியது. அரை மணி நேரம் தொட்டியில் படுத்திருப்பவர்களுக்காகச் செய்தது. நம் வீட்டு வாளியில் போட்டால் ஒரு நிமிடம் பொங்கும், பிள்ளைகள் கை தட்டும், அப்புறம் நீல நிறத் தண்ணீரை மக்கால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். வாளியின் கறையைத் தேய்ப்பது தனி வேலை.

நலங்கு மாவு அரைத்து வைத்தால் இதெல்லாம் தேவையில்லைதானே? அம்மா சொல்கிறார்.

அம்மா சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இருக்கிறது. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர் என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, வெயிலில் சருகாகக் காயவைத்து மில்லில் கொடுத்தால் மாதக்கணக்கில் வரும். பூலாங்கிழங்குக்கும் வெட்டிவேருக்கும் உள்ள மணத்தை எந்தப் பாட்டிலும் சரியாகக் கொண்டுவந்ததில்லை. வெட்டிவேர் கடலூர் கரையோரத்து மணலில் விளைகிறது, அதன் எண்ணெய் உலகச் சென்டுகளில் எல்லாம் அடிவாசனையாகப் போகிறது. நாம் அதைப் பானைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கிறோம்.

ஆனால் மூன்று எச்சரிக்கை. வெட்டிவேர் மில்லில் எளிதில் மசியாது. மெல்லிய துணியில் சலிக்காமல் தேய்த்தால் நார் தோலைக் கீறும். ஈரக் கையை டப்பாவுக்குள் விடக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். மூன்றாவதுதான் முக்கியம்: கார்போகரிசி. நிறையப் பட்டியல்களில் இதைச் சேர்க்கச் சொல்கிறார்கள். இதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளிக்கு வெயிலோடு சேர்த்து மருந்தாகப் பயன்பட்டது அதனால்தான். தடவிக் குளித்துவிட்டு வெயிலில் அலைந்தால் தோல் வெந்து கறுக்கலாம். குழந்தைக்குப் போடும் மாவில் அதைச் சேர்க்கவே வேண்டாம்.

இன்ஸ்டாகிராமில் வீட்டில் செய்த சோப்பு 250 ரூபாய் என்கிறார்கள். தகுமா?

என்ன முறை என்று கேளுங்கள். எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் கலந்து அச்சில் ஊற்றி, நாலு முதல் ஆறு வாரம் காயவைத்து எடுப்பது ஒரு முறை. அதில் உழைப்பும் காத்திருப்பும் இருக்கின்றன. சோப்பு உண்டாகும்போது பிறக்கும் கிளிசரினும் உள்ளேயே தங்கிவிடும். பெரிய ஆலைகளில் பெரும்பாலும் அதைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்றுவிடுவார்கள். இன்னொரு முறை, கட்டியாக விற்கும் சோப்பு பேஸை உருக்கி, நிறமும் வாசனையும் விட்டு, மேலே ஒரு ரோஜா இதழை ஒட்டிவிடுவது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதலாவதற்கு 150, 200 கொடுக்கலாம். இரண்டாவதற்கு 250 அதிகம். பளிங்கு மாதிரி ஒளி ஊடுருவினால் பெரும்பாலும் இரண்டாவதுதான். எதுவானாலும் லைசென்ஸ் எண், பேட்ச் எண், தேதி இல்லாத கட்டியைத் தோலில் தேய்க்க வேண்டாம்.

இந்தச் சோப்புகள் ஈரத்தில் சீக்கிரம் கரையும். ஓட்டை போட்ட சோப்புத் தட்டு வாங்குங்கள்.

துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தது ஒஸ்திதானே?

பழைய நம்பிக்கை. பெட்டி திறந்ததும் வீடெல்லாம் மணக்கும் அந்தச் சந்தோஷத்தை நான் கெடுக்க விரும்பவில்லை. ஆனால் டப்பாவில் லண்டன் என்று இருப்பதாலேயே லண்டனிலிருந்து வந்தது என்று அர்த்தமில்லை. யார்ட்லி லண்டனின் ஆசிய வியாபாரம் 2009-இலிருந்து நம் விப்ரோ கையில். எங்கே செய்தது என்று பின்னால் போட்டிருக்கும். மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

விலை கூடிய பாடி பட்டர், லோஷன் மட்டும் வாங்கலாம் என்கிறீர்களா?

மணத்துக்காக என்றால் வாங்கலாம். வறட்சிக்காக என்றால் கிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி, ஷியா பட்டர் ஆகியவைதான் வேலை செய்கின்றன, அவை மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் லோஷனிலும் உண்டு. பட்டியலின் முதல் நாலைந்து பெயர்களுக்குள் கிளிசரின் இருந்தால் போதும். குதிகால் வெடிப்புக்கு 900 ரூபாய் லாவெண்டர் பட்டரைவிட சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி மேல்.

‘மூன்று வாங்கினால் மூன்று இலவசம்’ வந்தால் எடுக்கலாமா?

ஆறு பாட்டில் பாடி வாஷ் ஒரு ஆளுக்கு எத்தனை மாதம் வரும் என்று முதலில் யோசியுங்கள். அடிக்கடி இதே சலுகை போடும் கடை என்றால், முழு விலை என்று அட்டையில் இருப்பது பேச்சுக்குத்தான். சலுகை விலையே அதன் நிஜ விலை. பொதிந்த பொருள்களில் இப்போது ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்றும் அச்சிடுகிறார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் இருக்கும். 75 கிராமா 125 கிராமா என்று குழம்பாமல் அதை வைத்து ஒப்பிடுங்கள்.

கல்யாணத்துக்கு, கொலுவுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் என்றால் இந்தச் சலுகை நேரத்தில் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். தேதியை மட்டும் பாருங்கள்.

போன தீபாவளிக்கு வந்த பாட்டில்கள் பாதி பாதியாக அலமாரியில் இருக்கின்றன. பயன்படுத்தலாமா?

பாட்டிலின் பின்னால் திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் அல்லது 24 எம் என்று இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம். அது இல்லையென்றால் ‘யூஸ் பிஃபோர்’ தேதி. லோஷன் தேதி தாண்டியிருந்தால், நிறமோ மணமோ மாறியிருந்தால், தண்ணீராகப் பிரிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். காற்றுப் பட்டுப் பழசான வாசனைதான் அதிகம் அலர்ஜி தரும் என்று மேலே சொன்னேன். வெந்நீர் ஆவியும் சூடும் இருக்கும் குளியலறை அலமாரியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும், படுக்கையறை பீரோதான் சரியான இடம். மிஸ்ட் பழசானால் தோலில் வேண்டாம், கைக்குட்டையில் அடித்துக்கொள்ளுங்கள். பாடி வாஷ் மிச்சத்தைப் பாத்ரூம் கழுவும் தண்ணீரில் ஊற்றுங்கள், டைல்ஸ் நன்றாகவே பளபளக்கும்.